கணக்கு சரி, சம்பளச் சீட்டு எங்கே?

உயிருக்கு விலை இல்லை. ஆயினும் சாலை விபத்தில் குடும்பத்தைக் காப்பாற்றியவர் மாண்டால், நஷ்ட ஈட்டை ஏதேனும் ஒரு கணக்கின்படிதான் நிர்ணயிக்க வேண்டியுள்ளது. இதற்காக 2009-ல் சரளா வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் வயதுக்கேற்ற பெருக்கு எண்களை வகுத்தது. 2017-ல் பிரணய் சேத்தி வழக்கில் வருங்கால வருமான உயர்வுக்கும் விகிதங்களை நிர்ணயித்தது.

நிரந்தரமற்ற வேலையிலிருந்த 35 வயதுத் தொழிலாளிக்கு மாதச் சம்பளம் ரூ.20,000; அவரை நம்பி நால்வர் என்று கொள்வோம். ஆண்டு வருமானம் ரூ.2,40,000. வருங்கால உயர்வாக 40 சதவீதம் கூட்டி, அவரது சொந்தச் செலவுக்கு நாலில் ஒரு பங்கு கழித்தால் ரூ.2,52,000. அவர் வயதுக்குரிய எண் 16. பெருக்கினால் ரூ.40,32,000. ஈமச் செலவு முதலியன தனி.

சம்பளத்துக்குச் சான்று இல்லாமல், வருமானம் ரூ.10,000 என்றே முடிவானால்? தொகை சரிபாதி! கணக்கில் தவறில்லை, அதில் இட்ட எண்தான் குடும்பத்தை வஞ்சித்தது.

வெளிமாநிலத்தில் கையில் கூலி வாங்கும் நம்மவர்கள் இதை உணர வேண்டும். சம்பளத்தை வங்கி மூலம் கேட்டுப் பெறுங்கள். சீட்டின் நகலை ஊரிலுள்ள வீட்டாரிடமும் கொடுத்து வையுங்கள். சீட்டுத் தர மறுக்கும் முதலாளிகளைத் தட்டிக் கேட்பது அரசின் கடமை.