தறியை விட்டுக் கடலோரம் ஒரு நாள்



பள்ளி விடுமுறை தொடங்கியதும் பிள்ளைகள் கேட்கும் முதற் கேள்வி, "எங்கே போகப் போகிறோம்?" என்பதே. அலுவலகத்தில் பணிபுரியும் தந்தை விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் பதில் கூறுவார். காஞ்சியில் கூலிக்கு நெய்யும் தந்தை யாரிடம் விடுப்புக் கேட்பார்? நெய்த சேலைக்குக் கூலி உண்டு. நெய்யாத நாளுக்கு ஒன்றுமில்லை. இங்கிலாந்தில் 1871ஆம் ஆண்டின் வங்கி விடுமுறைச் சட்டமும், 1938ஆம் ஆண்டின் ஊதியத்துடன் கூடிய விடுமுறைச் சட்டமும் தொழிலாளர் குடும்பங்கள் வேல்ஸ் முதலிய இடங்களின் கடற்கரைகளில் பொழுது போக்கும் வழக்கத்தைப் பெருக்கின. வீட்டுத் தறிக்கோ அத்தகைய விடுப்பு இல்லை. ஆகவே தறிக்குடும்பம் தனக்குத் தானே விடுமுறை அளித்துக்கொள்ள வேண்டியுள்ளது. இம்மாதம் இது பற்றியே சிந்திப்போம்.

ஒரு நாள் கூலியை இழந்து ஊர் சுற்றுவது வீண் செலவன்றோ எனச் சிலர் வினவலாம். நம் வீடுகளின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். தந்தை தறிக்குழியில் கால்களை இறக்கிக் காலை முதல் இரவு வரை குனிந்திருக்கிறார். கோர்வைச் சேலையாயின் உடலுக்கு ஒரு கை, கரைக்கு ஒரு கை என இருவர் உழைப்பு வேண்டும். தாய் சமையலுக்கும் இழை சுற்றுவதற்கும் இடையே ஓடுகிறாள். அனைவரும் ஒரே கூரையின் கீழ்தான் இருக்கிறார்கள். ஆயினும் எல்லார் கண்ணும் இழையின் மேல் இருப்பதால், ஒருவர் முகத்தை ஒருவர் நிமிர்ந்து பார்க்கும் நேரம் அரிது. மகன் என்ன நினைக்கிறான், மகள் எதற்கு அஞ்சுகிறாள் என்பதைத் தறியோசைக்கு நடுவே கேட்டறிய இயலாது. இதற்கென ஒதுக்கும் ஒரு நாளைச் செலவுக் கணக்கில் மட்டும் எழுதுதல் தகுமா?

காலத்தை அறிந்து தேர்ந்தால் இழப்பும் குறையும். ஒரு பாவு நெய்து முடிந்து, அடுத்த பாவைப் பிணைப்பதற்குள் தறி சும்மா நிற்கும் இடைவெளி ஒன்று உண்டு. அந்நாளை முன்கூட்டியே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமையாக அமைந்தால் காலைத் திருப்பலி முடித்துப் புறப்படலாம்.

இனி, எங்கே செல்வது? மாமல்லபுரம் முன்னர் நம் மாவட்டத்தில் இருந்தது. 2019 நவம்பரில் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது கடற்கரை செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. மாவட்டந்தான் மாறிற்றேயன்றித் தொலைவு மாறவில்லை. செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக ஏறத்தாழ 65 கிலோமீட்டர். காலையில் புறப்பட்டு இரவில் வீடு திரும்பிவிடலாம்.

வெயில் ஏறுமுன் சிற்பங்களைப் பாருங்கள். நம் ஊர்க் கைலாசநாதர் கோயிலைக் கட்டுவித்த இராசசிம்ம பல்லவனே எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்குள்ள கடற்கரைக் கோயிலையும் எழுப்பினான் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அர்ச்சுனன் தபசு எனப்படும் பெரும்பாறையின் முன் நின்று, "இதில் தவம் செய்யும் பூனை எங்கே?" என்று கேட்டு, அவர்களையே தேடச் சொல்லுங்கள். தவக்கோலத்தில் நிற்கும் பூனையையும் அதன் அருகே எலிகளையும் கண்டுபிடிக்கும் குழந்தையின் மகிழ்ச்சிக்கு ஈடில்லை. அடுத்துள்ள மண்டபத்தில் கன்றை நக்கிக் கொடுக்கும் பசுவைக் காட்டுங்கள். 1984ஆம் ஆண்டு முதல் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக விளங்கும் இவற்றுள் கட்டணம் உள்ள இடங்களிலும் 15 வயதுக்கு உட்பட்டோருக்குக் கட்டணமில்லை. திரும்பும் வழியில் சிற்பிகளின் உளியோசையைக் கேளுங்கள். தன் தந்தையைப் போலவே இன்னொருவரும் கையால் உழைத்து அழகு படைக்கிறார் என்பதை நெசவாளர் வீட்டுப் பிள்ளை அங்கே கண்கூடாகக் காணும்.

நண்பகலில் மரநிழலில் அமர்ந்து கட்டுச்சோறு உண்ணலாம். மிளகும் சீரகமும் சுக்கும் சேர்ந்த நம் காஞ்சிபுரம் இட்லி பயணத்துக்கு மிக ஏற்றது. ஆனால் ஒன்று: அதற்காகத் தாய் மட்டும் இரவெல்லாம் விழித்திருந்து சமைத்து, கடற்கரையிலும் பரிமாறிக்கொண்டே இருப்பாளாயின், அது அவளுக்கு விடுமுறையாகாது. முதல் நாளே தந்தையும் பிள்ளைகளும் வேலையைப் பகிர்ந்துகொள்ளட்டும். பாட்டியையும் தாத்தாவையும் வீட்டுக் காவலுக்கு விட்டுச் செல்லாமல் உடன் அழைத்துச் செல்லுங்கள்.

மாலையில் கடலுக்குச் செல்லுங்கள். கிழக்குக் கடலாதலால் வெயில் முதுகுப்புறம் இருக்கும். காற்றும் இதமாக வீசும். மணல் வீடு கட்டுவதற்கும், கிளிஞ்சல் பொறுக்குவதற்கும், மீனவர் படகுகளைப் பார்ப்பதற்கும் காசு வேண்டியதில்லை. ஆயினும் இங்கே கண்டிப்பு வேண்டும். குளத்தில் நீந்தக் கற்றவனுக்கும் இக்கடலின் இழுப்பு வேறு. அலை அடங்கியதுபோல் தோன்றும் இடத்திலேயே நீரோட்டம் உள்ளே இழுத்துச் செல்வதுண்டு. ஆகவே கரையோரத்தில் கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சிறுவரின் கையைப் பெரியவர் ஒருவர் பற்றியிருக்கட்டும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் கடலில் இறங்கவே வேண்டாம். கடல் திடீரென உள்வாங்கினால் வேடிக்கை பார்க்க நில்லாமல் மேட்டை நோக்கி ஓட வேண்டும் என்பதையும் சொல்லி வையுங்கள். 2004 டிசம்பர் 26ஆம் நாள் இக்கரை கண்ட துயரத்தை அதன்பின் பிறந்த பிள்ளைகள் அறியார்.

மறுமுறை செல்லும்போது, தெற்கே கல்பாக்கத்தை அடுத்த சதுரங்கப்பட்டினத்தைப் பார்க்கலாம். டச்சுக்காரர் கோட்டை கட்டி, தமிழ் நெசவாளரின் மெல்லிய பருத்தித் துணிகளைக் கப்பலேற்றிய துறைமுகம் அது. நெசவாளர் பிள்ளைகள் தம் தொழிலின் பழைய வழித்தடத்தை அங்கே காண்பர். வடக்கே கோவளத்தில் கார்மேல் அன்னையின் ஆலயத்தில் செபித்துவிட்டுக் கடற்கரைக்கு நடக்கலாம்.

திரும்பும் பேருந்தில் பிள்ளைகள் தந்தையின் தோளில் சாய்ந்து உறங்குவர். மறுநாள் தறி மீண்டும் ஓடும். கடனும் கூலிக் கணக்கும் அப்படியே இருக்கும். எனினும் தறிக்குழியில் இருக்கும் தந்தையிடம், "அப்பா, அந்தப் பூனை..." என்று மகள் பேச்சைத் தொடங்குவாள், அவரும் நாடாவை நிறுத்தி நிமிர்ந்து பார்ப்பார். எனவே, அடுத்த பாவு முடியும் நாள் எது என்பதை இன்றே இல்லத்தில் கலந்து பேசி, நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.