மூச்சு மெஷினும் அதன் சத்தமும்

சீபாப் மெஷினை வாங்கிப் பரணில் போட்டுவிட்டவர்கள் திருவையாற்றில் எனக்குத் தெரிந்தே நான்கு பேர் இருக்கிறார்கள். ஏன் என்று கேட்டால் நால்வருக்கும் ஒரே பதில். "சத்தம் சார், தூங்க முடியலை." இவர்களில் இருவருடைய குறட்டை திண்ணை வரை கேட்கும். அதை அவர்கள் கேட்டதில்லை, வீட்டுக்காரம்மாதான் முப்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

மெஷினில் சத்தமே கிடையாது என்று நான் வாதாட வரவில்லை. மெஷினின் சத்தம் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி மெஷினுடையது அல்ல என்பதுதான் என் கட்சி. அதை வாங்குகிறவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியவர் விற்கிறவர். அவர் சொல்வதில்லை.

புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சுருக்கமாக: ஸ்லீப் ஏப்னியா என்பது வெறும் குறட்டை அல்ல. தூக்கத்தில் தொண்டைச் சதை தளர்ந்து மூச்சுக்குழாயை அடைத்துக்கொள்ளும். மூச்சு பத்து விநாடி, இருபது விநாடி, சில பேருக்கு அதற்கு மேலும் நின்று போகும். இரத்தத்தில் பிராணவாயு இறங்கும், மூளை பதறி எழுப்பும். மணிக்கு முப்பது தடவை இப்படி நடந்தாலும் காலையில் ஒன்றும் நினைவிருக்காது. ஆனால் இரத்த அழுத்தம் ஏறியிருக்கும், பகலில் கண் சொருகும். சீபாப் செய்வது ஒரே வேலை. காற்றை ஓர் அழுத்தத்தில் செலுத்தி அந்தக் குழாய் மூடாமல் பார்த்துக்கொள்கிறது. ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்து டாக்டர் காலின் சல்லிவன் இதைக் கண்டுபிடித்து 1981இல் 'லான்செட்' இதழில் எழுதினார். அந்தக் காலத்து மெஷினில் காற்றடித்தது வேக்குவம் கிளீனர் மோட்டார். அதை மாட்டிக்கொண்டு தூங்கியவர்கள் சத்தம் என்று புகார் சொன்னால் நியாயம் உண்டு.

இன்றைய மெஷின்கள் 30 டெசிபலை ஒட்டித்தான் ஓடுகின்றன. படுக்கையறையில் தொடர்ந்து கேட்கும் சத்தம் 30க்குள் இருந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நம் வீட்டுப் பழைய மின்விசிறி இதைவிடக் கூடுதலாகவே இரையும். நம் நாட்டில் 2000ஆம் ஆண்டு வந்த ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 வரை வரம்பு 45 டெசிபல். மார்கழி மாதம் நாலரை மணிக்கே ஒலிபெருக்கி கட்டுகிற ஊரில் இருந்துகொண்டு தலைமாட்டு மெஷினைக் குறை சொல்கிறோமே என்றுதான் எனக்குத் தோன்றும். அது போகட்டும், அதை எழுதினால் சண்டைக்கு வருவார்கள்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரெஞ்சில் சத்தத்துக்கு 'ப்ருயி' என்று பெயர். வதந்திக்கும் அதே சொல்தான். 'ல ப்ருயி கூர்' என்றால் வதந்தி ஓடுகிறது என்று அர்த்தம். சீபாப் விஷயத்தில் இரண்டும் சேர்ந்தே ஓடுகின்றன. பரணில் போட்ட நால்வரைப் பார்த்து, டாக்டர் எழுதிக் கொடுத்தும் வாங்காமலே இருப்பவர்கள் இன்னும் எத்தனை பேரோ.

சரி, சத்தம் எங்கிருந்து வருகிறது? முதல் குற்றவாளி முகமூடி. விளிம்பு முகத்தில் சரியாகப் படியாவிட்டால் காற்று கசிந்து விசில் அடிக்கும், சில சமயம் கண்ணிலும் ஊதும். உடனே வாரை இழுத்து இறுக்குகிறோம். அதில் சிலிக்கான் கசங்கிக் கசிவு அதிகமாகும். வாரைத் தளர்த்தி, படுத்த நிலையில், மெஷினை ஓடவிட்டுப் பொருத்த வேண்டும். உட்கார்ந்திருக்கும்போது இருக்கிற கன்னம் படுத்தால் இருப்பதில்லை, அதிலும் எங்கள் வயதில். சனிக்கிழமை எண்ணெய் ஸ்நானம் செய்கிறவர்கள் அன்றிரவு சோப்புப் போட்டு முகம் கழுவிவிட்டுப் படுக்க வேண்டும். எண்ணெய்ப் பசையில் முகமூடி நழுவும். அதன் உட்புறத்தையும் தினம் கழுவுவது நல்லது. மீசை இன்னொரு வில்லன்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். முகமூடியில் சிறு துளைகள் இருக்கும், அங்கிருந்து 'உஸ்' என்று காற்று வெளியேறும். அது கசிவு அல்ல, நாம் விடும் கரியமில வாயு போகிற வழி. சத்தம் போகட்டும் என்று அதில் பிளாஸ்திரி ஒட்டிய ஒருவரைப் பார்த்துப் பதறிவிட்டேன். மெஷினைப் போர்வையால் சுற்றுவதும் அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்துவதும் இதே ரகம். மெஷினுக்கும் மூச்சு வேண்டும். சத்தம் குறையட்டும் என்று அழுத்தத்தை நாமே குறைப்பதும் கூடாது, அது டாக்டர் வேலை.

இரண்டாவது, மெஷினை வைக்கும் இடம். இரும்பு பீரோ மேலும் தகர மேஜை மேலும் வைத்தால் அந்த அதிர்வில் பீரோவே பாடும். கனமான மர முக்காலியில் ஒரு ரப்பர் விரிப்புப் போட்டு, தலைமட்டத்துக்குக் கீழே வைத்தால் பாதி இரைச்சல் போய்விடும். சுவர் மூலையில் ஒட்டி வைக்கக் கூடாது. ஐயாறப்பர் கோயில் தெற்குப் பிராகாரத்தில் நின்று 'ஐயாறா' என்று கூப்பிட்டால் ஏழு தரம் திரும்பி வரும் என்று குழந்தைகளுக்குக் காட்டுகிற ஊர்க்காரர்களுக்கு, சுவர் சத்தத்தை என்ன செய்யும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. கீழே வைப்பதில் இன்னொரு லாபம்: ஏ.சி. அறையில் குழாய்க்குள் ஈரம் தண்ணீராகிக் 'களக் களக்' என்று கேட்கும், தாழ்வாக இருந்தால் அது மெஷின் பக்கமே வடிந்துவிடும். குழாய்க்கு ஒரு துணி உறை தைத்துப் போட்டாலும் போதும்.

மூன்றாவது வடிகட்டி. தை, மாசியில் சம்பா அறுவடை. நெல் அறுக்கும் மெஷினும் சாலையில் காயும் நெல்லும் கிளப்பும் தூசி ஜன்னல் வழியே வந்து, வெள்ளை வடிகட்டி இரண்டு வாரத்தில் பழுப்பாகிவிடும். அடைத்துக்கொண்டால் மோட்டார் திணறும், சத்தம் ஏறும். இங்கே அட்டவணையைப் பார்க்காமல் வடிகட்டியைப் பார்த்து மாற்ற வேண்டும்.

மெஷின் ஊமையாகவே இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறவர்கள் 2021 ஜூன் மாதத்தை நினைத்துப் பார்க்கட்டும். அந்த மாதம் பிலிப்ஸ் நிறுவனம் உலகமெங்கும் லட்சக்கணக்கான மெஷின்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. காரணம், சத்தத்தைக் குறைக்க உள்ளே வைத்திருந்த பாலியூரித்தேன் நுரைப்பஞ்சு. அது உதிர்ந்து துகள்களாகவும் வாயுவாகவும் மூச்சில் கலக்கக் கூடும் என்று தெரிந்தது. வெப்பமும் ஈரப்பதமும் அதிகமுள்ள இடங்களிலும், ஓசோன் வைத்துச் சுத்தம் செய்தாலும் சீக்கிரம் உதிரும் என்றார்கள். வெப்பமும் ஈரமும் என்றால் வேறெங்கே, நம் காவிரிக் கரைதான். மெஷின் வாங்கும்போது எத்தனை டெசிபல் என்று கேட்பதோடு, உள்ளே சத்தத்தை அடக்க என்ன வைத்திருக்கிறது என்றும் கேளுங்கள். விற்பவர் முழிப்பார். முழிக்கட்டும், கேளுங்கள்.

அவர்கள் பெட்டியைக் கொடுத்து ரசீது போடுவதோடு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். மூக்குக் கண்ணாடிக் கடையில்கூட மாட்டிப் பார்த்துக் காதுப் பக்கம் வளைத்துத் தருகிறான். பல ஆயிரம் வாங்கிக்கொள்கிறவர் வீட்டுக்கு வந்து, ஆளைப் படுக்க வைத்து, இரண்டு மூன்று முகமூடிகளை மாட்டிப் பார்த்துத் தர வேண்டும். ஒரு மாதம் கழித்து இன்னொரு தடவை வர வேண்டும். இது சலுகை அல்ல, விலையில் சேர்ந்தது. எழுதிக் கொடுக்கிற டாக்டர்களும் இதை வற்புறுத்தலாம்.

நால்வரில் ஒருவர் பஸ்ஸில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். சென்ற ஆண்டு பட்டப்பகலில் மொபெட்டில் வரும்போதே கண் அசந்து, குடமுருட்டிப் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் உரசி முழங்கையை உடைத்துக்கொண்டார். நானும் அவர் மகனுமாகப் பரணிலிருந்து மெஷினை இறக்கினோம். விசிலுக்குக் காரணம் அவருடைய பெரிய மீசை. "மீசையை எடுங்கண்ணே" என்றேன். "மெஷினை எடுத்துட்டுப் போங்க" என்றார். மகன் தஞ்சாவூர் போய், மூக்குத் துளையில் மட்டும் பொருந்துகிற சின்ன வகை முகமூடி வாங்கி வந்தான். இரண்டு மாதமாகப் போட்டுக்கொண்டு தூங்குகிறார். அண்ணியைக் கேட்டேன். "மெஷினா? ஓடுதா இல்லையான்னு ராத்திரி எழுந்து தொட்டுப் பார்த்துக்கறேன்" என்றார்.