ஓதிப் பார்த்த பிறகு

பிள்ளைக்கு மனசு சரியில்லை என்றால் பினாங்கின் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக் குடும்பங்கள் முதலில் யாரிடம் போகும் என்பது ஊரறிந்தது. பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம்தான். அவர் ஓதி ஊதிய தண்ணீர்ப் போத்தல் வீட்டுக்கு வரும். அதில் தீராவிட்டால் சூலியா தெரு முனையிலிருக்கும் நாகூர் தர்காவில் ஒரு ஃபாத்திஹா. அதற்கும் மசியாவிட்டால் ஊருக்குப் போய்வருகிற யாராவது தாயத்து கொண்டுவருவார்கள். மருத்துவர் இந்த வரிசையில் கடைசி ஆள். அவரைப் பார்ப்பதும் சொந்தக்காரர் கண்ணில் படாதபடி கடல் தாண்டி, பட்டர்வொர்த் பக்கம் போய்.

ஓதிப் பார்ப்பதைக் கேலி செய்ய இதை எழுதவில்லை. நபிவழியில் அதற்கு இடமுண்டு. தலையில் ஒரு பெரியவரின் கை படுவதே பாதிப் பிள்ளைகளுக்கு ஆறுதல். நம் கேள்வி, ஓதிப் பார்த்த பிறகு என்ன என்பது. தண்ணீர் குடித்தும் பையன் தூங்கவில்லை, பள்ளிக்கூடத்துக்கு எழுந்திருக்கவில்லை, சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு அறைக்குள் போகிறான் என்றால் அடுத்து வருவது தீர்ப்பு. 'தொழுகை இல்ல, அதான்.' 'ஈமான் கொறஞ்சு போச்சு.' 'எங்க காலத்துல இதெல்லாம் எங்க இருந்துச்சு, எல்லாம் அந்தக் கைப்பேசியால.' சொல்பவர் கெட்டவர் இல்லை. நாசி கண்டார் கடையில் இரவெல்லாம் நின்று, விடியலில் கால் வீங்கி வீடு திரும்பும் அத்தா. பிள்ளைக்கு என்னமோ ஆகிவிட்டது என்ற பயம் அவருக்கும் இருக்கிறது. அது அதட்டலாகத்தான் வெளியே வருகிறது.

எங்கள் காலத்தில் ஏது என்பவர்களுக்குப் பதில் பழைய கிதாபுகளிலேயே இருக்கிறது. பல்கு தேசத்தைச் சேர்ந்த அபூ ஸைத் அல்பல்கீ 934இல் மறைந்தவர். உடலையும் உள்ளத்தையும் பேணுவது பற்றி ஒரே நூலில் எழுதியவர். துக்கத்தில் இரண்டு வகை உண்டு என்கிறார். ஒன்று, இழப்பு என்று காரணம் காட்டக்கூடியது. மற்றது, காரணமே தெரியாமல் வந்து உட்கார்வது. இரண்டாவது இரத்தக் கோளாறால் வருவது, ஆகவே உடலுக்கும் வைத்தியம் வேண்டும் என்பது அவர் முடிவு. இரத்தத்தைப் பற்றிய கணிப்பு இன்று நிற்காது. இரண்டையும் பிரித்துப் பார்த்த புத்தி நிற்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு முன் அவர் பிரித்ததை நாம் இன்று ஈமான் என்ற ஒரே தராசில் போட்டு நிறுக்கிறோம்.

இமாம் கஸ்ஸாலியின் கதை இன்னும் நெருக்கமானது. 1095இல் பாக்தாதின் நிஜாமிய்யா கலாசாலையில் அவரைவிடப் பெரிய ஆசிரியர் இல்லை. அந்த ஆண்டு ஒருநாள் அவருக்கு நாக்கு எழவில்லை. பாடம் சொல்ல வாய் திறந்தால் சொல் வராது. சாப்பாடு இறங்கவில்லை, செரிக்கவில்லை, உடம்பு ஓய்ந்தது. வைத்தியர்கள் வந்து பார்த்து, இது உள்ளத்தில் தொடங்கி உடம்புக்கு இறங்கிய நோய், மனப்பாரம் இறங்காமல் எங்கள் மருந்து செல்லாது என்று கைவிட்டார்கள். எல்லாவற்றையும் அவரே தன் வரலாற்றில் எழுதிவைத்திருக்கிறார். அவருடைய இஹ்யா நூலை மேற்கோள் காட்டாத பயான் நம் மத்ரசாக்களில் கிடையாது. அந்த இமாம் வாயடைத்துக் கிடந்த மாதங்களை எத்தனை பயானில் கேட்டிருக்கிறோம்? அவரிடம் போய் ஈமான் குறைந்துவிட்டது என்று சொல்ல யாருக்காவது துணிவு வருமா?

பள்ளிவாசலில் ஒளுச் செய்யுமிடத்தில் சிலமுறை காணக் கிடைக்கும் காட்சி ஒன்று உண்டு. உள்ளே ஜமாஅத் தொடங்கியிருக்கும். ஒரு பையன் மட்டும் குழாயடியில் முழங்கையைத் திரும்பத் திரும்ப நனைத்துக்கொண்டிருப்பான். காலைக் கழுவி எழுந்தவன், தலையைத் தடவினோமா இல்லையா என்ற சந்தேகத்தில் மறுபடி உட்கார்ந்து முதலிலிருந்து தொடங்குவான். விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருக்கும். என்ன பேணுதல் என்று ஒருவர் மெச்சுவார். தண்ணியை வீணாக்காதே என்று இன்னொருவர் அதட்டுவார். இது வஸ்வாஸ் எனும் ஓயாத சந்தேகம். பல்கீ இதற்கென்று தனியாகவே எழுதியிருக்கிறார். ஃபிக்ஹு சட்டமும் இப்படிப்பட்டவனிடம் சந்தேகத்தைப் பொருட்படுத்தாதே, திரும்பச் செய்யாதே என்றுதான் சொல்கிறது. இன்றைய மனநல மருத்துவர் தருகிற பயிற்சியும் ஏறக்குறைய அதே: பதற்றம் ஏறட்டும், கழுவாமல் இரு, தானே இறங்கும். ஆனால் அந்தப் பையனுக்கு மருத்துவர் சொன்னால் மட்டும் போதாது. தொழுகை கூடாமல் போய்விடுமே என்று நடுங்குபவனுக்கு, கூடும், நான் பொறுப்பு என்று ஓர் இமாம் சொல்ல வேண்டும். இருவரும் ஒரே ஊரில் இருந்தும் ஒருவரையொருவர் அறியாதிருப்பதுதான் அவன் குழாயடியிலேயே நிற்பதற்குக் காரணம்.

இந்த இடத்தில் பழம்பெருமை பேசுவது சுலபம். டமாஸ்கஸிலும் கெய்ரோவிலும் மனநோயாளிக்கு இடமளித்த மருத்துவமனைகளின் படங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. ஏர்வாடிப் படத்தை யாரும் அனுப்புவதில்லை. பினாங்குத் தமிழ் முஸ்லிம் குடும்பங்களில் பலவற்றின் வேர் இராமநாதபுரத்தில் இருக்கிறது, ஏர்வாடியும் அங்கேதான். 2001 ஆகஸ்ட் 6 விடியலில் தர்காவை அண்டி நடந்த ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அவர்களைக் கொண்டுவந்து விட்டவர்கள் சொந்தக் குடும்பத்தார். கல் நெஞ்சால் விடவில்லை. ஓதிப் பார்த்த பிறகு என்ன என்ற கேள்விக்கு அவர்களிடம் வேறு பதில் இருக்கவில்லை. மறுபுறம், குஜராத்தின் மீரா தாத்தார் தர்காவில் 2008 முதல் தர்கா பணியாளர்களான முஜாவர்களும் மனநல மருத்துவர்களும் சேர்ந்து வேலை செய்கிறார்கள். துஆ கேட்க வருகிறவரை முஜாவரே மருந்துக்கும் அனுப்புகிறார். நாம் கேட்பதும் இவ்வளவுதான்.

வீட்டுக்கு வருவோம். பரங்கிப்பேட்டைக் காதர் முகைதீன் 1801இல் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலை நிறுவிய காலத்திலிருந்து சுற்றுவட்டாரம் ஒரு குடியிருப்பாகவே இருந்தது. 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீக்கப்பட்டு 2000 ஜனவரியில் பாதுகாப்பு விலகியதும், கடைவீடுகளில் தலைமுறைகளாக இருந்தவர்கள் ஜெலுத்தோங்குக்கும் ஆயர் ஈத்தாமுக்கும் பாயான் பாருவுக்கும் அடுக்குமாடி தேடிப் போனார்கள். 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் ஜார்ஜ்டவுன் சேர்ந்த பிறகு மிச்ச வீடுகளில் பல விடுதிகளாயின. அந்தக் கடைவீட்டு வாழ்க்கை சொர்க்கம் ஒன்றுமில்லை. ஒரு தும்மலைக்கூட ஒளிக்க முடியாது. ஆனாலும் அத்தா அடித்தால் நன்னி வீட்டுக்கு ஓடலாம், மாமு கடையில் போய் உட்காரலாம். பதினெட்டாவது மாடியிலிருந்து பிள்ளை எங்கே ஓடும்? காலையில் பள்ளி, மதியம் கஃபா எனும் மார்க்க வகுப்பு, இரவில் டியூஷன், எஸ்பிஎம் தேர்வு நெருங்கினால் அதற்கும் மேலே. பெரியவர்கள் மூன்று பேர் தோளில் இருந்த வேலை, களைத்துப்போன தாய் தகப்பன் இருவர் தலையில் விழுந்திருக்கிறது. அவர்களுக்கு யாரும் பயிற்சி தரவில்லை.

கஸ்ஸாலி தந்திருக்கிறார். பிள்ளை ஒரு தவறு செய்து, அதைத் தானே மறைக்கப் பார்த்தால், முதல் தடவை கண்டும் காணாமல் இரு என்கிறார். இரண்டாம் தடவை தனியே கூப்பிட்டுக் கண்டி. ஓயாமல் திட்டினால் திட்டு உறைக்காமல் போகும். பாடம் முடிந்ததும் விளையாட விடு. விடாவிட்டால் உள்ளம் செத்து, அறிவு மழுங்கிவிடும். இது இப்படி இருக்க, இஸ்லாமிய உளவியல் என்ற பெயரில் இன்று வார இறுதிப் பயிலரங்குகள் பெருகியிருக்கின்றன, சான்றிதழ் தருகிறார்கள், கட்டணமும் வாங்குகிறார்கள். இந்தத் துறைக்கு இக்காலத்தில் வித்திட்டவர்களில் முதல்வரான சூடான் நாட்டு மாலிக் பத்ரி, 1979இல் தன் நூலில் மேற்கைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றிய முஸ்லிம் உளவியலாளர்களைச் சாடினார். பிறகு கோலாலம்பூரின் அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினார். பல்கீயை ஆங்கிலத்தில் தந்தவரும் அவரே. மேற்கின் சிகிச்சை முறைகளில் பயனுள்ளதை அவர் தூக்கி எறியவில்லை. அவர் பெயரைச் சொல்லிக்கொண்டே மருந்து மாத்திரையை நிறுத்தச் சொல்லும் பேச்சாளர்களிடம் நம் வாசகர்கள் எச்சரிக்கையாக இருக்கட்டும்.

இதில் அவசரம் என்ன என்பவர்களுக்கு ஒரு புள்ளிவிவரம். மலேசிய சுகாதார அமைச்சின் 2022ஆம் ஆண்டுப் பதின்மவயதினர் ஆய்வில் 26.9 விழுக்காட்டு மாணவர்களிடம் மனச்சோர்வு தென்பட்டது. உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றதாகச் சொன்னவர்கள் ஏறத்தாழப் பத்தில் ஒருவர். அப்படி முயல்வதைக் குற்றமாக வைத்திருந்த 309ஆம் சட்டப்பிரிவை நாடாளுமன்றம் 2023இல் நீக்கிவிட்டது. நம் வீடுகளில் அது இன்னும் நீங்கவில்லை. தற்கொலை ஹராம் என்பதில் யாருக்கும் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் அதை மட்டும் சொல்லிவிட்டுப் போனால், சாக நினைக்கிற பிள்ளை வாயைத் திறக்காது. சஹீஹ் முஸ்லிமில் துஃபைல் இப்னு அம்ரின் தோழர் பற்றிய செய்தி இருக்கிறது. மதீனாவில் நோயின் வேதனை தாளாமல் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டவர் அவர். நபியவர்கள் அவருக்காகப் பாவமன்னிப்புக் கேட்டு துஆச் செய்தார்கள். மிம்பரில் இதையும் சொல்லலாம். பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் ஜனாஸாச் செய்திக்கும் உம்ரா விளம்பரத்துக்கும் இடையே, சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் 15555ஐ ஒட்டிவைக்கலாம். பினாங்கு மருத்துவமனையின் மனநலப் பிரிவோடு இமாம்களை ஒருமுறை உட்காரவைக்க நிர்வாகக் குழுவுக்குப் பெரிய செலவு ஆகாது.

இவை எல்லாம் ஆண்பிள்ளைகளுக்கு. வஸ்வாஸ் வந்த பெண்பிள்ளை வீட்டுக் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு கழுவுகிறாள். எந்த ஹஜ்ரத்தின் கண்ணிலும் படமாட்டாள். மனம் சோர்ந்தவளைப் பற்றி வெளியே பேசினால் மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரிந்துவிடும் என்பதால் ஓதிப் பார்ப்பதுகூட ரகசியமாக நடக்கிறது. அவளை நாள்தோறும் பார்க்கும் ஒரே வெளியாள் கஃபா வகுப்பின் ஆசிரியையான உஸ்தாஸாதான். இமாம்களுக்கு முன்னால் பயிற்சி தரப்பட வேண்டியவர் அவர். பள்ளிவாசல் நிர்வாகக் குழுக்கள் இதுவரை கலந்து பேசாதவரும் அவரே.