சிவப்பு விளக்கு என்ன சொல்கிறது?

கம்பம் பள்ளத்தாக்கில் ஆடிக் காற்று கிளம்பிவிட்டால் இன்டர்நெட்டுக்கும் ஆட்டம் பிறந்துவிடும். மகளுக்கு வேலைக்கான பேட்டி வீடியோவில் நடக்கிறது. நடுவில் எதிரிலிருப்பவர் முகம் சிலையாய் நின்றுவிட்டால் தாய் மனம் என்ன பாடுபடும்! யாரையும் வைவதற்கு முன் பெட்டியைப் பாருங்கள், சகோதரிகளே.

'எல்.ஓ.எஸ்.' விளக்கு சிவப்பாக எரிகிறதா? கண்ணாடியிழை வழியே ஒளி வந்து சேரவில்லை என்று அர்த்தம். வீட்டுக்குள் இழை மடங்கியோ, செருகிய இடத்தில் கழன்றோ இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் உடனே புகார் கொடுங்கள். பெட்டியை அணைத்து அணைத்துப் போடுவதில் பயனில்லை.

சிவப்பு எரியவில்லையா? லேப்டாப்பை ஒயர் மூலம் ரூட்டரில் இணையுங்கள். ஒயரில் நன்றாக வந்தால் கோளாறு வைஃபையில்தான். இரும்பு பீரோவுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ரூட்டரைக் கூடத்தின் நடுவே, உயரமான இடத்துக்கு மாற்றுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரைத் தாண்டி ஓரளவு போகும். ஆனால் மைக்ரோவேவ் அடுப்பு ஓடும்போது தடுமாறும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது. பழைய வீட்டின் கனத்த சுவர்தான் அதற்கு ஆகாது.

பேட்டியன்று ஒயரையே நம்புங்கள். மின்வெட்டுக்குப் பெட்டியோடு சிறிய யு.பி.எஸ். ஒன்றும் இருக்கட்டும். ஆடிக் காற்றை நிறுத்த நம்மால் ஆகாது. ரூட்டரை நகர்த்த முடியும் அல்லவா?