கணக்கு வழக்கு: அம்பாரத்தில் உப்பு... கையில் காசில்லை!

கேள்வி: ‘‘மரக்காணத்தில் குத்தகைக்கு உப்பளம் நடத்துகிறேன். கணக்கு எழுதிக் கொடுத்தவர், ‘உங்கள் நடப்பு விகிதம் 2. கவலை வேண்டாம்’ என்கிறார். ஆனால், ஆட்களுக்குக் கூலி கொடுக்கவே பணமில்லை. எது சரி?’’

- வாசகர், கோட்டக்குப்பம்.

பதில்: அவர் போட்டது சரிதான். ஆனால், அது பாதிக் கணக்கு.

ஓராண்டுக்குள் பணமாகக்கூடியதை, ஓராண்டுக்குள் கட்டவேண்டியதால் வகுத்தால் கிடைப்பது நடப்பு விகிதம். நிலம், மோட்டார் போன்றவை இதில் சேராது. நீங்கள் அனுப்பிய கணக்குப்படி கையிருப்பு 20,000 ரூபாய், வியாபாரி தரவேண்டியது 60,000, அம்பாரத்து உப்பு 1,60,000. ஆக மொத்தம் 2,40,000 ரூபாய். கட்டவேண்டியதில் கடன் தவணை 80,000, கூலி பாக்கி 25,000, டீசல், மளிகைக் கடன் 15,000. மொத்தம் 1,20,000 ரூபாய். வகுத்தால் 2 வருகிறது. 1975-ம் ஆண்டு டாண்டன் குழு அறிக்கைக்குப் பிறகு, வங்கிகள் 1.33 இருந்தாலே போதும் என்று பார்க்கும் வழக்கம் வந்தது. அந்த வகையில் உங்கள் கணக்கு நன்றாகவே தெரியும்.

இப்போது உப்பை விட்டுவிட்டு வகுத்துப் பாருங்கள். 80,000-ஐ 1,20,000-ஆல் வகுத்தால் 0.67. இதற்கு விரைவு விகிதம் என்று பெயர். இது 1-ஆவது இருக்கவேண்டும். அதாவது, உங்களிடம் ஒரு ரூபாய் கடனுக்கு 67 பைசாதான் இருக்கிறது. அதிலும் 50 பைசா வியாபாரியிடம் நிற்கிறது. கூலிக்குத் தட்டுப்பாடு வருவது இதனால்தான்.

விற்காத உப்பு பணமாகாது. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் அம்பாரமும் கரையும், பாத்தியில் வேலையும் நிற்கும். மழைக்காலத்தில் விலை ஏறும் என்று காத்திருப்பதில் தவறில்லை. ஆனால், முழு அம்பாரத்தையும் வைத்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது. 80,000 மதிப்புள்ள பாதி உப்பை, 70,000-க்குக் கேட்டாலும் கொடுத்துவிடுங்கள். 10,000 நஷ்டம்தான். ஆனால், விரைவு விகிதம் 1.25 ஆகிவிடும். வரும் பணத்தில் முதலில் கூலி பாக்கியைத் தீருங்கள். மீதி உப்பை நன்றாக மூடி வையுங்கள். வியாபாரியிடம் தேதி குறித்து வாங்குங்கள். நாள்பட்ட பாக்கியைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

வீட்டில் நெல், மணிலா மூட்டைகளை அடுக்கி வைத்திருப்பவர்களும் ஒருமுறை, மூட்டையை விட்டுவிட்டு வகுத்துப் பாருங்கள்.