கல் கொடுத்த நம்பிக்கை

எஷரின் ‘அருவி’ படத்தை எங்கேயாவது பார்த்திருப்பீர்கள். கணிதப் புத்தகத்தில், சுவரொட்டியில், விடுதி அறைச் சுவரில். உயரத்திலிருந்து விழும் நீர் ஆலைச் சக்கரத்தைச் சுழற்றுகிறது. பிறகு செங்கல் கால்வாயில் வளைந்து வளைந்து கீழ்நோக்கித்தான் ஓடுகிறது. ஆனால் போய்ச் சேருவது, விழத் தொடங்கிய அதே உச்சியில். ஆவியாகிப் போவதை ஈடுகட்ட ஆலைக்காரர் அவ்வப்போது ஒரு வாளி நீர் ஊற்றினால் போதும் என்று எஷரே இதற்கு விளக்கம் தந்திருக்கிறார்.

படத்தின் சூட்சுமத்தைச் சில வரிகளில் சொல்லிவிடலாம். தாளில் வரைய முடிகிற, கையால் செய்ய முடியாத ஒரு முக்கோணத்தை லயனல் பென்ரோஸும் அவர் மகன் ராஜர் பென்ரோஸும் 1958-இல் பிரிட்டிஷ் உளவியல் ஆய்விதழ் ஒன்றில் வெளியிட்டார்கள். எஷர் 1961-இல் அப்படிப்பட்ட முக்கோணங்கள் மூன்றை இணைத்து, அவற்றின்மேல் நீரை ஓடவிட்டார். அந்த முக்கோணத்தைத் தனியே பார்த்தால் வியந்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுவோம். ‘அருவி’யை விட்டு அப்படி நகர முடிவதில்லை. ஏன் என்ற கேள்வி என்னை வெகுகாலமாகப் பிடித்துவைத்திருக்கிறது. பதில் அவர் வரைந்த கல்லில் இருக்கிறது என்று நம்புகிறேன்.

நெதர்லாந்துக்காரரான மாரிட்ஸ் கார்னெலிஸ் எஷர் (1898–1972) முதலில் தேர்ந்தது மரச்செதுக்கு அச்சில். மரத்தில் செதுக்கிய இடம் வெள்ளை, விட்ட இடம் கறுப்பு. வெள்ளைப் பறவைகளின் இடைவெளிகளே கறுப்புப் பறவைகளாகும் ‘பகலும் இரவும்’ (1938) அந்த முறைக்கே பிறந்த படம். ஆனால் ஒரு சுவர் சுவராகத் தெரிய வேண்டுமென்றால் அதன்மேல் வெயில் விழ வேண்டும். வெயில் தேயும் இடத்தில் நிழல் மெல்ல ஏற வேண்டும். அந்தச் சாம்பல் நிறங்களைத் தருவது கல்லச்சு. எஷர் அதை 1929-இல், இத்தாலியில் வாழ்ந்தபோது கைக்கொண்டார்.

கல்லச்சைக் கண்டுபிடித்தவர் அலோயிஸ் செனஃபெல்டர். தன் நாடகங்களை மலிவாக அச்சிட வழி தேடிய ஜெர்மானியர். 1796-ஐ ஒட்டி அவர் கண்டுகொண்டது ஓர் எளிய உண்மை: கொழுப்பும் நீரும் ஒட்டாது. பவேரியாவின் சோல்ன்ஹோஃபென் சுண்ணாம்புக்கல் இதற்கு வாகானது. ஆர்க்கியாப்டெரிக்ஸ் என்ற தொல்பறவையின் இறகுத் தடத்தைக் கோடிக்கணக்கான ஆண்டுகள் அழியாமல் வைத்திருந்தது அந்தப் பகுதிக் கல்தான். அவ்வளவு நுண்மை அதற்கு. கல்லை மணலும் நீரும் இட்டுத் தேய்த்தால் கண்ணுக்கு எட்டாத சொரசொரப்பு உண்டாகும். மெழுகும் சோப்பும் கரியும் கலந்த குச்சியால் அதில் வரைவார்கள். லேசாக உரசினால் மேடுகளில் மட்டும் கொழுப்பு ஒட்டும். அழுத்தினால் பள்ளமும் நிறையும். பிறகு வேலம் பிசினில் சிறிது நைட்ரிக் அமிலம் கலந்து பூசி, கல்லை நனைத்து, மை உருளையை உருட்டினால், வரைந்த இடம் மையைப் பிடிக்கும். ஈரமான இடம் தள்ளிவிடும். தாளை வைத்து அழுத்த வேண்டியதுதான் மிச்சம். நம் வீடுகளுக்கு லட்சுமியையும் சரஸ்வதியையும் கொண்டுவந்த ரவிவர்மா அச்சகம் 1894-இல் பம்பாயில் தொடங்கியதும் இந்தத் தொழிலை நம்பித்தான். அங்கே ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனிக் கல்.

எஷருக்கு ஒரே கறுப்பு போதுமாயிருந்தது. ‘வரையும் கைகள்’ (1948) படத்தில் இரண்டு கைகள் ஒன்றையொன்று வரைகின்றன. சட்டைக்கைகள் வெறும் கோடுகள். தாளோடு தாளாகப் படிந்து கிடக்கின்றன. மணிக்கட்டைத் தாண்டியதும் தோல் மடிப்பும் நகமும் தசையுமாகக் கை எழுந்து நிற்கிறது. கோடு எங்கே சதையாகிறது என்று தேடிப் பாருங்கள். அந்தச் சில அங்குலச் சாம்பல்தான் மொத்தப் படமும். ‘அருவி’யிலும் அப்படியே. பொய் சொல்வது தூண்களின் சில இணைப்புகள் மட்டும். செங்கற்கள், துணி காயப்போடும் பெண், பெரிதாக்கி வரையப்பட்ட பாசிச் செடிகள் எல்லாம் கண்ணைச் சாட்சியாக வைத்து வரைந்தவை. இத்தனை இடத்தில் உண்மை பேசியவரை அந்த ஓரிடத்திலும் நம்பிவிடுகிறோம். எஷரை வெறும் புதிர்க்காரர் என்று ஒதுக்கும் கலை விமர்சகர்களோடு நான் ஒருபோதும் ஒத்துப்போனதில்லை. புதிரை யாரும் போடலாம். அந்தச் சுவரில் அந்த வெயிலைப் போட வருடங்கள் வேண்டும்.

அந்த வருடங்களுக்குப் பின்னால் ஓர் ஆசிரியர் இருக்கிறார். ஹார்லெம் நகரில் கட்டடக் கலை படிக்கப் போன இளைஞனை அச்சுக் கலைக்குத் திருப்பியவர் சாமுவேல் ஜெசுருன் டி மெஸ்கிட்டா. யூதர். 1944-இல் நாஜிகள் அவரைக் குடும்பத்தோடு பிடித்துப் போனார்கள். அவரும் மனைவியும் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார்கள். வெறிச்சோடிய வீட்டில் கிடந்த படைப்புகளை எஷரும் நண்பர்களும் மீட்டார்கள். ஒரு தாளின்மேல் ராணுவ பூட்ஸின் ஆணித்தடம் பதிந்திருந்தது. எஷர் அதைத் துடைக்கவில்லை, தூக்கிப் போடவுமில்லை. தன்னுடனேயே வைத்துக்கொண்டார். போர் முடிந்ததும் 1946-இல் ஆசிரியரின் படைப்புகளுக்கு ஆம்ஸ்டர்டாமில் ஒரு நினைவுக் கண்காட்சி அமைய முன்னின்றார்.

எனக்கு மிகப் பிடித்த எஷரின் கல்லச்சு ‘அச்சுப்படக் கூடம்’ (1956). கூடத்தில் ஓர் இளைஞன் ஒரு துறைமுக நகரத்தின் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். படத்திலுள்ள நகரம் வீங்கிச் சுழன்று வளர்கிறது. அந்த நகரத்தின் ஒரு கட்டடத்தில்தான் அவன் நிற்கும் கூடமே இருக்கிறது. நடுவில் ஒரு வெள்ளை வட்டம், அதற்குள் எஷரின் கையொப்பம். அந்த இடத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதை லைடன் பல்கலைக்கழகக் கணிதவியலாளர்கள் ஹென்ட்ரிக் லென்ஸ்ட்ராவும் பார்ட் டி ஸ்மிட்டும் கணக்கிட்டு 2003-இல் வெளியிட்டார்கள். முழுப் படமும் 22.58 மடங்கு சிறுத்து, 157.6 பாகை திரும்பி, மறுபடி உள்ளே வருகிறது. அதற்குள் மறுபடி, முடிவே இல்லாமல். கணினி அதை அழகாக நிரப்பியும் காட்டியது. நான் வியந்து பார்த்தேன். இருந்தாலும் எனக்கு வேண்டியது அந்த வெள்ளை வட்டம்தான். அதற்குள்ளே கோடுகள் எந்தக் குச்சியும் எந்தக் கல்லும் தாங்காத அளவுக்கு மெலிந்துகொண்டே போகும். கையால் மெய்யாக்கிக் காட்ட முடிந்த எல்லைவரை போய், அங்கே நிறுத்தி, தன் பெயரை எழுதினார் எஷர்.