நிலக்கரியும் எஃகும் கொண்டுவந்த சமாதானம்



"தொழில் பெருகினால் சண்டை தானாக அடங்கிவிடும் சித்தப்பா" என்று போன வாரம் ஒரு தம்பி மகன் சொன்னான். பாதிதான் சரி. 1914க்கு முன்பும் பிரிட்டனும் ஜெர்மனியும் பெரிய அளவில் வியாபாரம் செய்துகொண்டுதான் இருந்தன. போர் நின்றதா?

பிரான்சும் ஜெர்மனியும் 1870, 1914, 1939 என்று எழுபது ஆண்டுக்குள் மூன்று முறை மோதின. பீரங்கிக்கு எஃகு வேண்டும், எஃகுக்கு நிலக்கரி வேண்டும். இரு நாட்டு நிலக்கரியையும் எஃகையும் ஒரே பொது அதிகாரத்தின் கீழ் வைப்போம் என்று 1950 மே 9 அன்று பிரான்சின் வெளியுறவு அமைச்சர் ராபர்ட் ஷூமன் அறிவித்தார். லக்சம்பர்க்கில் பிறந்து, ஜெர்மானியக் குடிமகனாக வளர்ந்து, பிறகு பிரெஞ்சுக்காரர் ஆனவர் அவர். இரு பக்கத்து வலியும் தெரிந்த மனிதர். யோசனையைத் தீட்டிய ழான் மோனே ஒரு பிராந்தி வியாபாரி வீட்டுப் பிள்ளை! 1951இல் ஆறு நாடுகள் கையெழுத்திட்டன. போர் முடிந்து ஆறே ஆண்டு.

ஆயுதத்துக்கான மூலப்பொருளின் மீது தனக்கு மட்டும் இருந்த பிடியை ஒவ்வொரு நாடும் விட்டுக்கொடுத்ததே, பாருங்கள், அதுதான் புதுமை. கூடவே ஒரு பொது மன்றமும் நீதிமன்றமும் வைத்தார்கள். இன்றைய ஐரோப்பிய நாடாளுமன்றம் அந்த மன்றத்திலிருந்து வளர்ந்ததே. இவை இல்லாமல் சந்தையை மட்டும் திறந்திருந்தால் பழைய கதைதான் நடந்திருக்கும் என்பது என் எண்ணம்.

வகுப்பில் ஆண்டையும் ஆறு நாடுகளின் பெயரையும் மட்டும் மனப்பாடம் செய்ய வைத்தேன். ஏன் சேர்ந்தார்கள் என்று உங்களை ஒருநாளும் கேட்கவில்லை. தவறு என்னுடையது. இப்போது எழுதுங்கள், திருத்தித் தருகிறேன்.